முதல் திங்கள், ஒன்பதே முக்கால்

பை காலை இடிக்குதா சார்? இருங்க, இந்தப் பக்கம் நகர்த்திக்கிறேன். மண்ணுதான், வேற ஒண்ணுமில்ல. பதினாலு வயல் மண்ணு, பதினாலு பை. எங்க காலேஜ்ல மண்ணைச் சோதிக்கிற மெஷின் ரிப்பேர், அதான் சிதம்பரம் யுனிவர்சிட்டி வரைக்கும் தூக்கிட்டுப் போறேன். கண்டக்டரே சிரிச்சான். "மண்ணை எல்லாம் டிக்கெட் வாங்கி ஏத்துறீங்களே சார்"னான்.

இதுக்கு யாரு பணம் தர்றாங்கன்னா கேக்குறீங்க? நல்ல கேள்வி. எல்லாரும் எதுக்கு மண்ணுன்னுதான் கேப்பாங்க. பணம் தர்றது சென்னையில ஒரு அறக்கட்டளை. ஆனா எனக்கு அறக்கட்டளைன்னா ஒரு குரல்தான் சார். வசுமதி மேடம். திட்ட அலுவலர். எட்டு வருஷம், மாசத்துல முதல் திங்கட்கிழமை, காலையில ஒன்பதே முக்காலுக்குப் பேசுவோம். பத்து நிமிஷம். சில நாள் பதினஞ்சு.

நான் அதிகம் பேசுற ஆள் இல்ல. காலேஜ்லயும் அப்படித்தான். கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்ட்ல என் பேரே பாதிப் பேருக்கு மறந்திருக்கும். சிவக்கொழுந்துன்னு கூப்பிட மாட்டாங்க, "உப்பு சார்"னுதான் கூப்பிடுவாங்க. பரவாயில்ல. உப்பைத்தானே பாக்குறேன்.

சுனாமியில கடல் தண்ணி வயல்ல ஏறுச்சுல்ல, அதுக்கு அடுத்த மாசத்துல இருந்து பாக்குறேன். அப்ப எங்க பக்கம் வராத விஞ்ஞானி கிடையாது. ஜீப்பு ஜீப்பா வந்தாங்க. ரெண்டு மழைக்காலம் போச்சு. உப்பு இறங்கிடுச்சுன்னு எழுதிட்டு எல்லாரும் கிளம்பிட்டாங்க. நான் நின்னுட்டேன். ஏன்னா பதினாலுல அஞ்சு வயல்ல உப்பு திரும்பத் திரும்ப வருது. சித்திரையில போய்ப் பாத்தா தரையில வெள்ளையாப் பூத்திருக்கும். மேல வந்த உப்பு போயிருச்சு சார். இது கீழ இருந்து வருது. எங்க இருந்து வருது, எத்தனை வருஷம் வரும், அதுதான் என் கேள்வி.

அது என் கேள்வி மட்டுமில்ல. ஆறாம் நம்பர் வயல் அஞ்சம்மாளோடது. சுத்தி இருக்கிறவங்க எல்லாம் இறால் குட்டைக்குக் கொடுத்துட்டாங்க. அந்தம்மா மட்டும் கொடுக்கல. வருஷா வருஷம் கேக்கும், "ஏன் வாத்தியாரே, வச்சுக்கவா, வித்துடவா?"ன்னு. நான் என்ன சொல்றது? "இன்னும் ரெண்டு வருஷம் பொறும்மா"ன்னு சொல்லுவேன். அப்படியே பத்து வருஷம் சொல்லிட்டேன். என் கையில இருந்த உப்பு அளக்கிற மீட்டரும் கெட்டுப் போயி, சம்பளத்துல செலவு பண்ணிட்டு இருந்தேன்.

அந்த அறக்கட்டளைக்கு ரெண்டு தடவை எழுதினேன். ரெண்டு தடவையும் இல்லன்னுட்டாங்க. ரெண்டாவது லெட்டர்ல கீழ ஒரு வரி இருந்துச்சு, விளக்கம் வேணும்னா இந்த நம்பர்ல தொடர்பு கொள்ளலாம்னு. சண்டை போடத்தான் போன் போட்டேன் சார். ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு. பத்து வருஷமா வெயில்ல நிக்கிறவனை ஏசி ரூம்ல உக்காந்து தள்ளுறீங்களேன்னு ஆரம்பிச்சேன்.

எடுத்தது வசுமதி மேடம், குறுக்கப் பேசல. நான் மூச்சு வாங்குற வரைக்கும் விட்டுட்டு, "சார், அஞ்சு நிமிஷம் நீங்க பேசிட்டீங்க. இப்ப அஞ்சு நிமிஷம் நான் பேசவா?"ன்னாங்க.

"பேசுங்க."

"நாப்பது பக்கம் எழுதியிருக்கீங்க. நீங்க என்ன கண்டுபிடிக்கப் போறீங்கன்னு எந்தப் பக்கத்துல இருக்கு?"

நான் தேடினேன் சார். போனைக் காதுல வச்சுக்கிட்டே தேடினேன். முப்பத்தி ஒண்ணாம் பக்கம்.

"கமிட்டியில இருக்கிறவங்க முப்பத்தி ஒண்ணாம் பக்கம் வரைக்கும் வர மாட்டாங்க. நான் வந்தேன். அஞ்சம்மாள்னு ஒருத்தங்களைப் பத்தி எழுதியிருந்தீங்க. அவங்களை முதல் பக்கத்துக்குக் கூட்டிட்டு வாங்க."

அப்படித்தான் ஆரம்பிச்சது. அடுத்த தடவை கிடைச்சிடுச்சு. மேடம் வாங்கிக் கொடுக்கல, அதை நான் எங்கயும் சொல்லுவேன். முடிவு பண்றது கமிட்டி. ஆனா எப்படிக் கேக்கணும்னு எனக்கு அதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. பணம் வந்ததுக்கு அப்புறம் ஒரு பேச்சு சொன்னாங்க: "சார், நல்ல செய்தியை ரிப்போர்ட்ல எழுதுங்க, போதும். கெட்ட செய்தின்னா அன்னைக்கே போன்ல சொல்லிடுங்க. ரிப்போர்ட்ல படிச்சு நான் தெரிஞ்சுக்கக் கூடாது." சரின்னேன். மாசத்துக்கு ஒரு தடவை போன் பண்ணிடுறேனேன்னேன். முதல் திங்கள்னு அவங்கதான் சொன்னாங்க. அன்னைக்கு மீட்டிங் பத்தரைக்குத்தானாம்.

வீட்ல இருந்துதான் பேசுவேன். அஞ்சு பாயிண்ட் எழுதி வச்சுக்குவேன். ஒண்ணு, உப்பு அளவு. ரெண்டு, கிணத்துத் தண்ணி. இப்படி. அவங்களும் கேப்பாங்க. "ஆறாம் நம்பர் எப்படி இருக்கு சார்?" இந்தக் கேள்வியை வேற யாரு சார் கேட்டா என்கிட்ட? எங்க பிரின்சிபாலுக்கு எனக்கு எத்தனை வயல்னே தெரியாது. என் வீட்டுக்காரம்மா மங்கை அந்தப் பக்கம் வந்ததே இல்ல. நானும் கூப்பிட்டதில்ல, வெயில்ல எதுக்குன்னு.

கஜா புயல் வந்துச்சுல்ல. கீழ இருந்து வர்ற உப்பை அளக்க வயலுக்கு ஒண்ணாப் பதிச்சு வச்சிருந்த குழாயைப் பிடுங்கிட்டுப் போயிடுச்சு. கரண்ட் இல்ல, டவர் இல்ல. கெட்ட செய்தின்னா அன்னைக்கே சொல்லணும்னு சொன்னாங்கல்ல. மறுநாள் வண்டியை எடுத்துக்கிட்டு, விழுந்து கிடந்த மரத்தை எல்லாம் சுத்திச் சுத்தி, திருவாரூர் போயிச் சேர்ந்தேன். அங்கதான் சிக்னல் கிடைச்சுது. போன் போட்டேன்.

எடுத்ததுமே, "சார், நீங்க எப்படி இருக்கீங்க?"ன்னாங்க.

"பதினொரு குழாய் போச்சு மேடம்"னேன்.

"நான் குழாயைக் கேக்கல."

"மூணு இருக்கு மேடம். அஞ்சம்மாள் வீட்டு ஓடு பறந்துடுச்சு. வயல்ல திரும்பவும் கடல் தண்ணி."

அப்புறம், "சரி சார். ஆறு மாசம் கூடுதலா டைம் கேட்டு ஒரு லெட்டர் எழுதுங்க. நான் கமிட்டி முன்னாடி வைக்கிறேன்"னாங்க. கிடைச்சுது. வேற ஒரு ஆபீசரா இருந்தா படிவம் எங்கன்னு கேட்டிருப்பான்.

அன்னைக்கு மங்கை வீட்ல தனியாத்தான் இருந்தா. பின்பக்கக் கூரை இறங்கியிருந்துச்சு. திருவாரூர் போறேன்னு சொல்லிட்டுத்தான் போனேன். சொன்னேன்னுதான் நினைக்கிறேன். திரும்பி வந்தா, முட்டி அளவுத் தண்ணியில பாத்திரம் எடுத்துட்டு இருந்தா. "யாருக்குப் போன் பண்ணப் போனீங்க? பிருந்தாவுக்கா?"ன்னா. பிருந்தா எங்க பொண்ணு, கனடாவுல இருக்கா. நான் இல்ல, ஆபீஸுக்குன்னேன். அவ பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமா வச்சா.

அடுத்த வருஷம் பிருந்தாவுக்குப் பேறுகாலம்னு மங்கை கனடா போனா. கோச்சுக்கிட்டெல்லாம் போகல சார், பேறு பாக்கத்தான் போனா. ஆறு மாசம்னு போனா. அப்புறம் புள்ளைக்கு நடை வரட்டும்னா. அப்புறம் ரெண்டாவது. இப்ப ஆறு வருஷம் ஆச்சு. இங்க வெயில்லயே முணுமுணுத்தவ, அங்க பனியில எப்படி இருக்கான்னு எனக்கு ஆச்சரியம். ஒத்துக்கிச்சு போல. கிளம்புறதுக்கு முதல் நாள் ஒண்ணு சொன்னா: "அந்த அம்மாகிட்ட மாசத்துல பத்து நிமிஷம் பேசுறீங்கல்ல, அந்தப் பத்து நிமிஷம் எனக்குக் கொடுத்திருந்தா போதும்." தப்பா ஒண்ணும் சொல்லல, சந்தேகப்பட்டும் சொல்லல. நான்தான், "அது ஆபீஸ் வேலைம்மா"ன்னேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவா. நான் ஸ்பீக்கர்ல போட்டுட்டு என் வேலையைப் பாத்துக்கிட்டே பேசுவேன். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன். வேற என்ன இருக்கு பேச?

ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிடவா? தூசி வருது.

மேடத்து மேல எனக்கு ஒரு வருத்தம் இருந்துச்சு. மறைக்க மாட்டேன். ரெண்டாவது கட்டம் ஓடிட்டு இருந்தப்ப, ஒரு ஜனவரி. ஒரு கருவிக்கு ஒதுக்கின பணத்தை வேற கருவிக்கு மாத்தணும், அதுக்கு அவங்க கையெழுத்து வேணும். முதல் திங்கள் போன் பண்றேன், எடுக்கல. மறுநாள் எடுக்கல. மூணு மெயில் போட்டேன். பிப்ரவரி முதல் திங்களும் எடுக்கல. சித்திரைக்குள்ள கருவி வரணும் சார், உப்பு பூக்கிறதை அப்பத்தானே அளக்கணும். கடைசியில அவங்க இயக்குநருக்கு ஒரு லெட்டர் எழுதிட்டேன். மரியாதையான லெட்டர்தான். திட்ட அலுவலர் அவர்களைத் தொடர்புகொள்ள இயலாத நிலையில் ஆராய்ச்சி பாதிக்கப்படுகிறது, அவ்வளவுதான் எழுதினேன்.

மார்ச்சில அவங்களே கூப்பிட்டாங்க. "மன்னிக்கணும் சார், லீவுல இருந்தேன். நீங்க கேட்ட கருவி மாத்துறதுக்குக் கையெழுத்துப் போட்டாச்சு"ன்னாங்க. குரல் கம்மியிருந்துச்சு. ஜலதோஷம்னு நினைச்சேன்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமே மேடம்"னேன்.

"சொல்லியிருக்கணும் சார்"னாங்க. அப்புறம், "ஆறாம் நம்பர் எப்படி இருக்கு?"

நல்லா இருந்துச்சு சார். அந்த வருஷந்தான் குணம் தெரிஞ்சுது. வடிகாலை ஆழப்படுத்தி, தழை உரத்துக்குத் தக்கைப்பூண்டு போட்டு மடக்கி உழுது, ஜிப்சம் தூவி, எல்லாம் பண்ணியிருந்தோம். அடுத்த சம்பாவுல அஞ்சம்மாள் வயல் முழுசா விளைஞ்சுது. ஒரு மூலைகூடக் கருகல. சுனாமிக்கு அப்புறம் பதினெட்டாவது வருஷம். அந்தம்மா வரப்புல நின்னு அழுவும்னு நினைச்சேன். அழல. "அரிசி கொஞ்சம் கொண்டு போங்க வாத்தியாரே, உங்க மெட்ராஸ் அம்மாவுக்கும் குடுங்க"ன்னுச்சு. நான் அந்தம்மாகிட்ட மேடத்தைப் பத்திச் சொல்லியிருந்தேன்.

அஞ்சு கிலோ துணிப்பையில கட்டிக்கிட்டு சென்னைக்கு பஸ் ஏறினேன். எட்டு வருஷத்துல அவங்களை நேர்ல பாக்குறது அதுதான் முதல் தடவை. நல்ல சட்டை போட்டுக்கிட்டேன். கீழ வரவேற்புல பேர் எழுதினேன். மேல அனுப்பச் சொல்லுவாங்கன்னு பாத்தேன், அவங்களே இறங்கி வந்தாங்க. நான் நினைச்சதை விடச் சின்ன உருவம். முடி பூரா நரை.

"சார், வாங்க. சொல்லாம வந்திருக்கீங்க." பையைப் பாத்தாங்க. "என்ன இது?"

"ஆறாம் நம்பர் மேடம்."

அவங்க முகத்தைப் பாத்திருக்கணும் நீங்க. பையை அவுத்து, உள்ள கையை விட்டு, ஒரு பிடி எடுத்து மோந்து பாத்தாங்க. கண்ணை மூடிக்கிட்டு. அப்புறம் ஒரு அரிசி கீழ விழாம பைக்குள்ளயே விட்டுட்டாங்க.

"உங்க மூணாவது கட்ட விண்ணப்பம் போன வாரந்தான் கமிட்டிக்குப் போயிருக்கு சார்"னாங்க.

"அதுக்கும் இதுக்கும் என்ன மேடம்? இது அரிசி."

"நான் வாங்கிக்கிட்டா இது அரிசி இல்ல சார்."

"இது ரிசல்ட் மேடம். ரிப்போர்ட்ல எழுதுறதைக் கையில கொண்டாந்திருக்கேன்."

"புரியுது. எனக்குப் புரியுது. எழுதி வச்சிருக்கிற விதிக்குப் புரியாது." அங்க இருந்த நோட்டை வாங்கி என்னமோ எழுதி, கையெழுத்துப் போட்டாங்க. வாசல் காவலாளி, வரவேற்புப் பொண்ணு, எல்லாரும் பாத்துட்டு இருக்காங்க. எனக்குக் காது சுட்டுச்சு சார். லஞ்சம் கொண்டு வந்தவன் மாதிரி நிக்க வச்சுட்டாங்களேன்னு. அப்புறம் மெதுவாச் சொன்னாங்க: "நாளையில இருந்து உங்க ஃபைல் வேற ஆபீசர்கிட்டப் போயிடும். இனிமே நீங்க எனக்குப் போன் பண்ணக் கூடாது சார். நானும் எடுக்கக் கூடாது."

"நான் என்ன மேடம் தப்புப் பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. காபி சாப்பிட்டுட்டுப் போங்க"ன்னாங்க. நான் சாப்பிடல. திரும்பிக்கூடப் பாக்காம வந்துட்டேன். அரிசியைத் திருப்பிக் கொண்டாந்து நானே பொங்கித் தின்னேன். ஒத்தை ஆளுக்கு அஞ்சு கிலோ எத்தனை நாளைக்கு வரும்னு நினைக்கிறீங்க? ஒரு மாசம் போல வந்துச்சு.

அதுக்கு அடுத்த முதல் திங்கள் ரொம்ப சங்கடமாப் போச்சு. எழுதி வச்ச பாயிண்டைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், பழக்கம்.

ஜூன்ல பணம் சாங்ஷன் ஆயிடுச்சு. ஒரு ரூபா குறைக்கல. அஞ்சு வருஷத்துக்கு. புது ஆபீசர் யாருன்னு எனக்குத் தெரியாது சார், சத்தியமா. மெயிலுக்குக் கீழ பேர் கிடையாது, ஒரு நம்பர்தான். இது தானியங்கி மடல், பதில் அனுப்பாதீங்கன்னு இருக்கும். டிபார்ட்மெண்ட்ல சொன்னேன். "ஸ்வீட் எங்க சார்?"னு கேட்டுட்டுக் கிளாஸுக்குப் போயிட்டாங்க. வயலுக்குப் போய் அஞ்சம்மாள்கிட்ட சொன்னேன். "அப்ப இன்னும் அஞ்சு வருஷம் என் கொல்லையில ஓட்டை போடுவீங்களாக்கும்"னு சொல்லிட்டு நாத்துக் கட்டைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. மங்கைக்குச் சொன்னேன். அங்க நடுராத்திரின்னு மறந்துட்டேன். யாருக்கு என்ன ஆச்சோன்னு பதறி எழுந்திருக்கா. "சந்தோஷங்க"ன்னா. வச்சுட்டா.

ரெண்டு வருஷம் அப்படிப் போச்சு. போன மாசம், ஜூன் ரெண்டாந்தேதி, போன் அடிக்குது. அந்த நம்பரை நான் அழிக்கல.

"சார், வசுமதி பேசுறேன். சனிக்கிழமையோட ரிடையர் ஆயிட்டேன். இப்ப நான் யாரோட ஆபீசரும் இல்ல. அதான் கூப்பிட்டேன்."

எனக்குக் கோபம் இருந்துச்சு சார். "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் அப்படிப் பண்ணிட்டீங்களே"ன்னேன். அப்பத்தான் விவரம் சொன்னாங்க. விண்ணப்பம் நிலுவையில இருக்கறப்ப யாராவது பொருள் கொண்டு வந்தா, விண்ணப்பத்தையே தள்ளிடணுமாம், விதி அப்படி. அவங்க நோட்டுல என்ன எழுதினாங்கன்னா, 'அறுவடையின் மாதிரியைக் காட்ட வந்தார், காட்டிவிட்டு எடுத்துச் சென்றார்'. அன்னைக்கே மேலிடத்துல போயி, எனக்கு இவரோட வேலை ரொம்பப் பிடிச்சுப் போச்சு, நான் நடுநிலையா இருக்க முடியாது, ஃபைலை மாத்திடுங்கன்னு எழுதிக் கொடுத்துட்டாங்களாம்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மேடம்."

"சொல்லியிருந்தா நீங்க காபி குடிச்சிருப்பீங்க. அவ்வளவுதான் வித்தியாசம்"னு சிரிச்சாங்க. அப்புறம் கேட்டாங்க: "சார், வீட்ல அவங்க திரும்பி வந்துட்டாங்களா?"

நான் சொன்னதே இல்ல சார். மங்கை போனதை இவங்ககிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. எப்படித் தெரியும்னு கேட்டேன்.

"முதல்ல எல்லாம் நீங்க பேசறப்ப பின்னாடி குக்கர் சத்தம் கேக்கும். 'டீ ஆறுது'ன்னு ஒருத்தங்க சொல்லுவாங்க. நீங்க பதில் சொல்ல மாட்டீங்க, உப்பு அளவைச் சொல்லிட்டே இருப்பீங்க. அப்புறம் ஒரு மாசத்துல இருந்து அந்தக் குரல் கேக்கல. கேக்கணும்னு நினைப்பேன். ஆபீசர் கேக்குற கேள்வி இல்லையேன்னு விட்டுடுவேன்."

நான் பேச்சை மாத்தி, "உங்க வீட்ல எல்லாரும் சௌக்கியமா மேடம்?"னேன். இத்தனை வருஷத்துல முதல் தடவையாக் கேக்குறேன் சார். அப்பத்தான் எனக்கே தெரியுது, முதல் தடவைன்னு.

"அவர் போயி மூணு வருஷம் ஆச்சு சார்"னாங்க. "ஜனவரி ஒண்ணாந்தேதி ஆஸ்பத்திரியில சேர்த்தோம். நாப்பது நாள் இருந்தார்."

மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஜனவரி. நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். அவங்க அந்த லெட்டரைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. இயக்குநர் காட்டாம இருந்திருப்பாரா? காட்டியிருப்பார். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் லெட்டர் போட்டிருப்பேனா சார்? இல்ல, நீங்களே சொல்லுங்க. ஆனா நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்களோ என்னமோ. குரல் கம்மியிருந்துச்சே. ஜலதோஷமான்னாவது கேட்டிருக்கலாம்.

"மேடம், நான் ஒரு லெட்டர்..."னு ஆரம்பிச்சேன்.

"அது கிடக்குது சார். பையன் பெங்களூர்ல இருக்கான், வீட்ல நான் மட்டுந்தான். காலையில ஒன்பதே முக்கால் ஆனா கை போனுக்குப் போகுது. முதல் திங்கள் கூப்பிடுங்க. உப்பு வேணாம், வேற ஏதாவது பேசலாம்."

சரிங்க மேடம்னேன்.

போன திங்கள்தான் சார் அது. ஒன்பதரைக்கே உக்காந்துட்டேன். பேப்பர் எடுத்து, பாயிண்ட் எழுதலாம்னு ஒண்ணுன்னு போட்டேன். உப்பு வேணாம்னுட்டாங்க. மங்கையைப் பத்திச் சொல்லலாம்னா, அவ அங்க என்ன பண்றா, என்ன சாப்பிடுறா, எனக்கு என்ன தெரியும்? பேரப்புள்ளைங்க எந்த வகுப்புன்னுகூட உடனே வரல. அவங்க வீட்டுக்காரரைப் பத்திக் கேக்கலாம்னா, அவர் பேர் தெரியாது. ஒன்பதே முக்கால் ஆச்சு, பத்து ஆச்சு. காலேஜுக்கு நேரமாயிடுச்சுன்னு எழுந்துட்டேன். நேரம் ஆகல சார், அன்னைக்கு எனக்குப் பதினொண்ணரைக்குத்தான் கிளாஸ்.

கொள்ளிடம் பாலம் தாண்டிட்டோம் போலிருக்கு. நான் இறங்கணும், அந்தப் பையைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க.

நீங்க ஈசியாச் சொல்றீங்க, இன்னைக்கே கூப்பிடுங்கன்னு. கூப்பிட்டுடலாம். நம்பர் இருக்கு. எடுத்ததும் அந்தம்மா, "சொல்லுங்க சார்"னு சொல்லுவாங்க. எப்பவும் அப்படித்தான் சொல்லுவாங்க.

நான் என்ன சார் சொல்றது?